வேப்பமரம் வரைக்கும் நடந்தால் போதும்: நல்ல பழக்கங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு சூப்பர்வைசர். 22 வருடமாக இதே தொழில். வீடு அவிநாசிப் பக்கம். மூன்று வருடங்களுக்கு முன்பு கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டார்கள். ரத்தப் பரிசோதனையில் எனக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய் வாசலில் வந்து நிற்கிறது என்று பொருள். 6.5 ஆகிவிட்டால் உள்ளே வந்துவிட்டது. என் அப்பாவுக்குச் சர்க்கரையால் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அந்தக் காலுக்குத் தினமும் கட்டு மாற்றிவிட்டவள் நான். அதனால் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிப் போனது.

அதற்குப் பிறகு நான் செய்த மாற்றங்கள் எல்லாமே ரொம்பச் சின்னவை. ஆனால் அவை நின்றன. போன பரிசோதனையில் 5.8. தையல் லைனில் இருக்கிற பிள்ளைகள், ஒறம்பரைக்கு (உறவினர் வீட்டுக்கு) போன இடத்தில் பெரியவர்கள், பால் சொசைட்டியில் கேனோடு நிற்கிறவர்கள் என்று பலரும் "எப்படிங்க அக்கா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும், இதற்காகத் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் சரி.

சின்னதாகத் தொடங்கு, சின்னதாகத் தொடங்கு என்கிறீர்களே, எவ்வளவு சின்னதாக?

உங்களுடைய மிக மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவுக்கு. நல்ல நாளை மனதில் வைத்து அளவு எடுக்காதீர்கள். ஷிப்மென்ட் நெருக்கடி, ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு ஒன்பதரைக்கு வீடு, குழாயில் தண்ணீர் வரவில்லை, பையனுக்குக் காய்ச்சல். அப்படி ஒரு நாளை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கும் செய்ய முடியுமா? முடியும் என்றால் அதுதான் சரியான அளவு.

எனக்கு டாக்டர் தினமும் 45 நிமிடம் நடக்கச் சொன்னார். அன்று சாயங்காலமே ஷூ வாங்கினேன். மூன்று நாள் விடியால எழுந்து நடந்தேன். நான்காம் நாள் ஷிப்மென்ட் வந்தது, ஷூ பெட்டிக்குள் போனது, அப்படியே ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. நாளாக ஆக, பெட்டியைப் பார்த்தாலே மனசு கனத்தது.

எங்கள் வீதி முனையில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. வாசற்படியிலிருந்து எண்ணிப் பார்த்தேன், 140 அடி. இரவு சாப்பிட்டுக் கை கழுவியதும் போய் அந்த மரத்தைத் தொட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டேன். ஷூவெல்லாம் போடவில்லை. நைட்டிக்கு மேல் ஒரு துண்டு, காலில் ரப்பர் செருப்பு. போக வர ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஷிப்மென்ட் நாளிலும் போனேன், மழை தூறினால் குடையோடு போனேன். இரண்டு மாதம் கழித்து, மரத்தைத் தொட்ட பிறகு திரும்ப மனம் வராமல் அடுத்த வீதிக்குள்ளும் நடந்தேன். இப்போது மாரியம்மன் கோயில் வரை போய் வருகிறேன், 40 நிமிடம்.

தையல் பழக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் மிஷினில் நூலே கோக்க மாட்டோம். ஒரு காகிதத்தில் ஸ்கேல் வைத்து நேர்கோடு போட்டுக் கொடுப்போம். வெறும் ஊசியை அந்தக் கோட்டின் மேலேயே ஓட்ட வேண்டும். நேர்கோடு வந்ததும் வளைவு, அப்புறம் வட்டம். அது கைக்கு வந்த பிறகுதான் நூல், அதுவும் கட்டிங் வேஸ்ட் துணியில். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இது சலிப்பாக இருக்கும். "எப்பங்க்கா பீஸ் தருவீங்க?" என்று நச்சரிப்பார்கள். ஆனால் காகிதத்தில் நன்றாக ஓட்டியவர்களின் தையல்தான் பிறகு செக்கிங்கில் என் மேசைக்கு வரும்போது நேராக இருக்கிறது. கால் பெடலை எவ்வளவு அழுத்தினால் ஊசி எவ்வளவு ஓடும் என்பதைக் கால் தானாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் அந்தக் காகிதம். வேப்பமரம் எனக்கு அந்தக் காகிதம்.

ஐந்து நிமிடம் நடந்தால் உடம்புக்கு என்ன பிரயோசனம்?

நேர்மையாகச் சொன்னால், முதல் மாதம் உடம்புக்குக் கிடைக்கிறது கொஞ்சம்தான். சாப்பிட்ட பிறகு சிறிது நேரம் நடந்தால்கூட அந்தச் சாப்பாட்டால் ஏறும் சர்க்கரை கொஞ்சம் தணியும், அது உண்மை. ஆனால் முதல் மாதத்தில் நீங்கள் சம்பாதிப்பது உடற்பயிற்சியை அல்ல, சாப்பிட்டு முடித்ததும் கால் தானாக வாசலுக்குப் போகிற பழக்கத்தை. அது வந்துவிட்டால் தூரத்தைக் கூட்டுவது கஷ்டமே இல்லை.

பத்தாயிரம் அடி நடந்தால்தான் பலன் என்று நினைத்துத் தொடங்காமலே இருப்பவர்கள் நிறைய. அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-ல் ஜப்பானில் அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு வைத்த பெயரின் அர்த்தம் "பத்தாயிரம் அடி மீட்டர்". விற்பனைக்காக வைத்த பெயர் அப்படியே உலகம் முழுவதும் விதியாகிவிட்டது. தமிழ்நாடு அரசும் 2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. நல்ல விஷயம். ஆனால் இன்றுவரை நடக்காதவருக்கு அது கடைசிப் படி. முதல் படி உங்கள் வாசலில் இருக்கிறது.

எந்த நேரத்தில் செய்வது? விடியால ஐந்து மணிக்கா?

மணியை விடுங்கள். ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தைப் பிடியுங்கள். அதை நான் ஆணி என்பேன். சுவரில் ஆணி இருந்தால் காலண்டரை மாட்டலாம், ஆணி இல்லாமல் எவ்வளவு அழகான காலண்டர் இருந்தும் என்ன செய்ய?

ஆணி எப்படி இருக்க வேண்டும் என்றால், நீங்கள் மறந்தாலும் அது உங்களை மறக்காது. இரவு சாப்பாடு, பல் விளக்குவது, வாசல் தெளிப்பது, பால் கறப்பது, டீக்குத் தண்ணீர் வைப்பது. "சாயங்காலம் சும்மா இருக்கும்போது" என்பது ஆணி இல்லை. சும்மா இருக்கிற சாயங்காலம் நமக்கு எங்கே வருகிறது?

காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு மூட்டு வலி. தொடைத் தசைக்கு ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை அப்படியே வைத்திருந்து இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை. எளிதுதான், ஆனால் அவர் செய்யவே இல்லை. "மறந்துடறன் கண்ணு" என்பார். மோட்டார் போடும்போது செய்கிறேன் என்றார். மும்முனைக் கரண்ட் ஒரு நாள் பகலில் வரும், ஒரு நாள் நடுராத்திரியில் வரும். அந்த ஆணி ஆடுகிறது. பிறகு நான் ஒரு நாள் அங்கே தங்கிப் பார்த்தேன். விடியாலயும் பொழுதோடவும் பால் கறந்துவிட்டு வந்து, கட்டுத்தரை ஓரமாகக் கிடக்கிற கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, சித்தி டீ கொண்டுவரும் வரை மாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாடு ஒரு நாளும் லீவு விடாது. "டீ டம்ளர் கைக்கு வர்ற வரைக்கும் காலை நீட்டுங்க சித்தப்பா, அவ்வளவுதான்" என்றேன். பத்துத் தடவை என்று சொல்லவில்லை. இரண்டு தடவையில் டீ வந்துவிட்டால் இரண்டோடு சரி. இப்போது சித்தி வேண்டுமென்றே டீயை மெதுவாகக் கொண்டுவருகிறார்.

இதை ஆராய்ச்சி செய்தும் பார்த்திருக்கிறார்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் பேராசிரியர் "இது நடந்தால் நான் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவெடுத்து வைப்பதைப் பற்றிப் பல வருடம் ஆராய்ந்தவர். அதை ஒட்டி இங்கிலாந்தில் 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். வாரத்தில் ஒரு தடவையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வேண்டும். ஒன்றும் சொல்லாத பிரிவில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். இதய நோயைப் பற்றிச் சொல்லி ஊக்கம் கொடுத்த பிரிவில் 35 சதவீதம். அதே ஊக்கத்தோடு, எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று எழுதியும் வாங்கிய பிரிவில் 91 சதவீதம்! வெறும் அறிவுரைக்கு என்ன மதிப்பு என்று இதிலேயே தெரிகிறது. பிள்ளைகளுக்கு நாம் மணிக்கணக்காகச் சொல்கிற அறிவுரையும் இதில் சேர்த்திதான்.

ஆகவே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள்: "இரவு கை கழுவியதும், வேப்பமரத்தைத் தொட்டுவிட்டு வருவேன்."

எனக்கு ஷிப்ட் மாறி மாறி வருகிறது. ஸ்பின்னிங் மில்லில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட். எதைப் பிடிப்பது?

கடிகாரம் மாறினாலும் வரிசை மாறாது. எந்த ஷிப்ட் என்றாலும் வீட்டுக்கு வந்ததும் குளித்துப் பஞ்சைப் போக்காமல் படுக்க மாட்டீர்கள். அதைப் பிடியுங்கள். குளித்துத் தலை துவட்டிய பிறகு இரண்டு டம்ளர் தண்ணீர், அல்லது முதுகை நிமிர்த்தி ஐந்து தடவை கையைத் தூக்கி இறக்குவது. முழு நைட் வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். அந்த வாரம் தூக்கம்தான் பழக்கம்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது, பெரும்பாலும். இந்த 21 ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரிடமிருந்து வந்தது. முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரிகிற புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-ல் எழுதினார். "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. முகம் பழகுவதும் நடை பழகுவதும் ஒன்றா என்றும் யாரும் கேட்கவில்லை.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடன் இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு காரியம் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீர் இந்த மாதிரி. யோசிக்காமல் தானாக நடக்கிற நிலைக்கு வர ஆன காலம், நடுவாக எடுத்தால் 66 நாள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு நாளானது.

எனக்கு இந்த ஆய்வு பெரிய ஆறுதல். 22-ம் நாளும் சிரமமாக இருந்தபோது என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்திருந்தேன். உங்களுக்கு 40-ம் நாளிலும் இழுத்துப் பிடித்துச் செய்ய வேண்டியிருந்தால் நீங்கள் சரியான பாதையில்தான் இருக்கிறீர்கள்.

ஒரு நாள் விட்டுப் போய்விட்டது. எல்லாம் வீணா?

இல்லவே இல்லை. அதே லண்டன் ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள், நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் படிவதில் பெரிய வித்தியாசம் வரவில்லை. கல்யாணம், இழவு, காது குத்து, நோம்பி என்று நம் பக்கம் வருடத்தில் எத்தனை நாள் வீட்டில் சாப்பிடுகிறோம்? விடத்தான் செய்யும். நான் வைத்திருக்கும் கணக்கு, அடுத்த நாள் அளவைப் பாதியாக்கியாவது செய்துவிட வேண்டும். விட்டதற்குச் சேர்த்து இரட்டிப்பாகச் செய்யக் கூடாது. இரட்டிப்பாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தாலே மூன்றாம் நாளும் கால் போகாது.

செக்கிங்கில் தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு ஏரோ ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது எல்லாவற்றுக்கும் அதே ஸ்டிக்கர். நாள் முழுவதும் தப்பைத் தேடுகிற கண் எனக்கு. வீட்டிலும் அதே கண்ணோடுதான் இருந்தேன், விட்டுப் போன நாள் மட்டுமே தெரியும். பிறகு மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரில் போய் வந்த நாளுக்கெல்லாம் ஒரு பொட்டு ஒட்ட ஆரம்பித்தேன், நெற்றிக்கு வைக்கிற ஸ்டிக்கர் பொட்டுத்தான். மாதக் கடைசியில் 24 பொட்டு இருந்தது. ஆறு நாள் விட்டுப் போன மாதம் என்று இருந்தது, 24 நாள் நடந்த மாதம் என்று ஆனது.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிறேன், மூன்று நாள், கால் கொப்புளத்தோடு. வீட்டில் பத்து நிமிடம் நடக்க முடியவில்லை. ஏனுங்க இப்படி?

கேட்டதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. கேட்டவர் எங்கள் கம்பெனி அயர்ன் மாஸ்டர். நானும் நான்கு வருடம் நடந்திருக்கிறேன், அதனால் யோசித்தே பதில் சொன்னேன்.

பாதயாத்திரை நாளில் உங்களிடம் யாராவது "இன்னைக்கு நடக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறார்களா? மாலை போட்ட அன்றே அந்த முடிவு முடிந்துவிட்டது. வீட்டில் கவுச்சி சமைப்பதில்லை. பச்சை வேட்டியைக் கட்டினால் தெருவே "எப்பங்க கிளம்பறீங்க?" என்று கேட்கிறது. விடியால மூன்று மணிக்குக் குழுவில் ஒருவர் எழுப்பிவிடுகிறார். தாராபுரம் ரோட்டில் போனால் ஓரமெல்லாம் அன்னதானப் பந்தல், மோர், சுக்குக் காப்பி. கால் வலித்தால் முன்பின் தெரியாதவர் எண்ணெய் தேய்த்துவிடுகிறார். முன்னால் ஒருவர் "வேல் வேல்" என்கிறார், நம் வாய் தானாக "வெற்றி வேல்" என்கிறது, கால் அதோடு போகிறது. பக்தி உங்களுடையது, அதில் சந்தேகமே இல்லை. அந்தப் பக்தியைத் தாங்கிப் பிடிக்க அத்தனை கை இருக்கிறது. திரும்பி வந்து மாலையைக் கழற்றிய மறுநாள், பந்தலும் இல்லை, எழுப்பிவிட ஆளும் இல்லை. தனியாகப் படுக்கையில் கிடந்து "எழுந்திருக்கலாமா?" என்று யோசிக்கிறீர்கள். உங்கள் மன உறுதி எங்கும் போகவில்லை. சுற்றி இருந்ததுதான் போய்விட்டது.

அப்படியென்றால் அதில் கொஞ்சத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் வீதியில் நாங்கள் நான்கு பெண்கள். எட்டே முக்காலுக்கு யார் முதலில் கை கழுவுகிறார்களோ அவர் மற்ற வீட்டு கேட்டைத் தட்டிக்கொண்டே போவார். தட்டிய பிறகு வராமல் இருப்பது கஷ்டம். அயர்ன் மாஸ்டர் பச்சை வேட்டியையே எடுத்துக்கொண்டார். அதைக் கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி வைத்து, காலையில் எழுந்ததும் கட்டிக்கொண்டு நடக்கிறார். வேட்டியைக் கட்டினால் கால் நிற்பதில்லை என்கிறார்.

டீயில் சர்க்கரையைக் குறைக்க முடியவே இல்லை.

நம் பக்கம் பேக்கரிக்குப் போகாமல் பகல் கழியாது. டீ, கூட ஒரு தேங்காய் பன்னோ பப்ஸோ. டீயை விடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன், அந்தப் பத்து நிமிடம்தான் பலருக்கு நாளில் உட்காரக் கிடைக்கிற நேரம்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை சுமார் 4 கிராம். டீக்கு இரண்டு என்றால் ஐந்து டீயில் 40 கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. டீயிலேயே நாம் அதைத் தாண்டிவிடுகிறோம், பன் இன்னும் கணக்கில் வரவில்லை.

நான் ஒரே ஒரு டீயை மட்டும் பிடித்தேன். பதினோரு மணி டீ. மாஸ்டரிடம், "அண்ணா, இந்த டீ மட்டும் எனக்குச் சர்க்கரை கம்மி" என்றேன். மற்ற டீயெல்லாம் பழையபடி. முதல் வாரம் சப்பென்று இருந்தது. மூன்றாவது வாரம் அந்த டீயில்தான் டிகாக்‌ஷன் வாசமே தெரிந்தது, நான்கு மணி டீ திகட்ட ஆரம்பித்தது. அப்புறம் அதையும் மாற்றச் சொன்னேன். இப்போது நான் போய் நின்றாலே மாஸ்டர் கரண்டியைப் பாதியில் நிறுத்திவிடுவார். நான் மறந்தாலும் அவர் மறப்பதில்லை. பழக்கம் என் தலையில் இருந்து அவர் கைக்குப் போய்விட்டது, அது எனக்குப் பெரிய நிம்மதி.

பீடி, குடி இதெல்லாம் இப்படிச் சின்னச் சின்னதாக விட முடியுமா?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். இரவில் போன் பார்ப்பது, நொறுக்குத் தீனி இவை பழக்கம். அவற்றுக்கு வழி, கைக்கு எட்டாமல் வைப்பதுதான். சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாற்றுங்கள், மிக்சர் டப்பாவை அட்டாலியில் (பரணில்) ஏற்றுங்கள். அங்கே போய் எடுக்கிற சோம்பலே பாதி வேலையைச் செய்துவிடும்.

புகையிலையும் மதுவும் பழக்கத்தோடு நிற்பதில்லை, உடம்பே அதைக் கேட்கும். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வீராப்பாக "நாளையிலிருந்து தொட மாட்டேன்" என்பவரை வீட்டுக்காரர்கள் கையோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். புகையிலையை விட 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. மனம் தளர்ந்து போனால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இதுவும் இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். உதவி கேட்பதில் கேவலம் எதுவும் இல்லை.

ஆனால் டாக்டரைப் பார்த்த பிறகு, சின்ன மாற்றங்களுக்கு அங்கேயும் இடம் உண்டு. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் கால் எந்த ரோட்டில் போகிறது என்பதைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கட்டிங் மாஸ்டர், சிகிச்சை எடுத்த பிறகு சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வேறு வழியில் போகிறார். ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்று. அவர் மனைவி அந்த ரோட்டில் இருக்கிற காய்கறிக் கடையில் நிற்பார், இருவரும் சேர்ந்து வாங்கிக்கொண்டு போவார்கள். இரண்டு வருடம் ஆகப் போகிறது.

வாரச் சம்பளத்தில் சேமிக்க முடியுமா?

முடியும், வீட்டுக்குள் நுழையும் முன் எடுத்து வைத்தால். போஸ்ட் ஆபீசில் மாதம் 100 ரூபாயிலேயே ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) தொடங்கலாம், ஐந்து வருடக் கணக்கு. வாரம் 25 ரூபாயை சம்பளக் கவரிலேயே விட்டுவிட்டுக் கவரை அரிசி டப்பாவுக்குள் வையுங்கள். தொகை பெரிதில்லை என்று தெரியும். கை பழகட்டும் முதலில்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். 60 வயதுக்கு மேல் மாற முடியுமா?

அந்தப் பழமொழியை நான் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறேன். அறுபது வருடப் பழக்கம் போகாது என்றால், அதை ஆணியாக்கிக்கொள்ளலாமே. என் அம்மாவுக்கு 68 வயது. ரத்த அழுத்த மாத்திரையைப் பாதி நாள் மறந்துவிடுவார். ஆனால் குளித்துவிட்டுச் சாமி படத்துக்கு முன் விளக்கு ஏற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார், அது அவர் சின்ன வயதிலிருந்து. மாத்திரை அட்டையைத் தீப்பெட்டிக்கு மேல் வைத்தோம். தீப்பெட்டி எடுக்க வேண்டுமென்றால் மாத்திரையை எடுத்தாக வேண்டும். டாக்டரிடமும் கேட்டுக்கொண்டோம், அந்த நேரம் போட்டால் பரவாயில்லை என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் விடவில்லை.

ஒரே நேரத்தில் எத்தனை பழக்கம்?

ஒன்று. அது யோசிக்காமல் நடக்க ஆரம்பித்த பிறகு அடுத்தது. ஜனவரி 1, ஆடி 18, பிறந்தநாள் இதிலெல்லாம் மனசுக்கு ஓர் எழுச்சி வரும். அந்த நாளில் தொடங்குங்கள், தவறில்லை. ஆனால் ஏழு தீர்மானம் வேண்டாம்.

நான்கு மாதம் ஒழுங்காகச் செய்து, முழுசாக விட்டுவிட்டேன். மறுபடி தொடங்க வெட்கமாக இருக்கிறது.

எனக்கும் நடந்தது. போன வருடம் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து 23 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அங்கே கேன்டீன் சாப்பாடு, பெஞ்சில் தூக்கம், நடை கிடையாது, சர்க்கரை கம்மி டீயும் கிடையாது. வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வாரம் போகவில்லை. கேட்டைத் தட்டுவார்கள், "நாளைக்கு வாரேன்" என்று உள்ளிருந்தே சொல்வேன். 40 நிமிடம் நடந்துகொண்டிருந்தவள் மறுபடி எப்படி முதலிலிருந்து என்று ஒரு கூச்சம்.

ஒரு நாள் இரவு அவர்கள் எல்லாரும் போய்விட்ட பிறகு, கை கழுவிவிட்டுத் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தனியாகப் போனேன். 140 அடி. மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன், கோயில் பக்கம் பார்க்கவே இல்லை. வரும்போது எதிர் வீட்டு அம்மாயி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "ஏனம்மிணி, இத்தனை நாளா ஆளையே காணோம்? அம்மாவுக்குத் தேவலையா?" என்று கேட்டார். நான் ஏன் நடக்க வரவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. மறுநாளும் மரம் வரைதான். அதற்கு மறுநாள் கேட்டைத் தட்டியபோது வெளியே வந்துவிட்டேன், ஆனால் அவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு மரத்தோடு திரும்பினேன். கோயில் வரை போக இன்னும் பத்து நாள் ஆனது.